சிரிப்பைக் கேட்டவர்

செவ்வாய்க்கிழமை மாலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது அக்கா சிரிக்கவில்லை.

வழக்கமாகச் சிரிப்பாள். தங்கை எதையாவது அடுப்பில் வைத்துவிட்டு மேஜைக்கு எழுதப் போனால் அது தீயும், இல்லாவிட்டால் வழியும். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை பிடித்துவிட்டு, "இன்னைக்கு எந்தப் பாத்திரம் போச்சு?" என்று கேட்டுச் சிரிப்பாள். வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கில் ஒரு சின்னக் குறட்டையாக முடியும் சிரிப்பு அது. தங்கைக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டுவரும் சத்தம். அன்று அக்கா துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். கருகின பாலின் வாசனை சின்னக் கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைவரை போய் நின்றது.

"என்னக்கா, திட்டக்கூட மாட்டியா?"

அக்கா வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"சிரிப்பு வர்ற மாதிரி இருந்துச்சுடி. வரல."

முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு, அந்தச் சிரிப்பைப் பற்றி ஒருவரிடம் போனில் பத்து நிமிஷம் தங்கை விவரித்திருந்தாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் போன் எடுப்பது தங்கையின் வேலை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அவளைத்தான் திட்டுவார்கள். "ஆள் வந்துட்டே இருக்காங்க, பயப்படாதீங்க" என்று ஒரே குரலில் நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையிலும் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக ஏழு வருஷத்தில் ஒரு திரைக்கதை எழுதி முடித்திருந்தாள். நூற்றுப் பதினெட்டுப் பக்கம். முகம் தெரியாதவள் அனுப்பும் கதையை எந்தப் படக் கம்பெனியும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஓர் ஏஜென்ட் கையில் எடுத்துப் போய்க் கொடுக்க வேண்டும். நாற்பத்து மூன்று ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பினாள். ஒருவர் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறையோடு திருப்பி அனுப்பினார். ஒருவர் வயசைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். மற்றவர்களிடமிருந்து அதுகூட இல்லை.

அக்காவுக்கு பேக்கரியில் வேலை, கேக்கில் பெயர் எழுதுவது. "நீ எழுதறத ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான். நான் எழுதறத தினம் நாப்பது பேர் காசு குடுத்து வாங்கிட்டுப் போறான்" என்பாள். அதற்கும் அந்தக் குறட்டைச் சிரிப்புதான்.

கறைபட்ட அதே கட்டை அனுப்பியிருந்த நாற்பத்து நாலாவது ஏஜென்ட் திங்கட்கிழமை தானாகவே கூப்பிட்டார். வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

"படிச்சேன். அந்த அக்கா யாரு?"

"கற்பனைங்க."

"பொய். வெச்சுடறேன்."

"ஐயோ, வெச்சுடாதீங்க! எங்க அக்காதான்."

பத்தொன்பது வயதில் அக்காவுக்கு ஒரு குழந்தை பிறந்தது. மூன்று நாள் இருந்தது. கரண்ட் போன ஒரு சாயங்காலம், மெழுகுவத்தி தேடக்கூட எழுந்திருக்காமல், தங்கையிடம் மட்டும் அதைச் சொன்னாள் அக்கா. வேறு யாருக்கும் தெரியாது. கதை முழுக்க அதுதான். எழுதியது அக்காவுக்குத் தெரியாது.

"பேப்பர்ல ஆள் வரல," என்றார் ஏஜென்ட். ஈரமில்லாத குரல். "சும்மா அழறா, சும்மா சிரிக்கறா. எப்படிச் சிரிப்பா? சொல்லு."

சொன்னாள். எங்கே தொடங்கும், எங்கே உடையும், மூக்கில் எப்படி முடியும் என்று எல்லாம் சொன்னாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போனின் அந்தப் பக்கம், அவருக்குப் பின்னால் எங்கோ, யாரோ மூக்கு வழியாகக் காற்றை இழுத்து இழுத்து விட்டுப் பார்ப்பதுபோல ஒரு சத்தம் இருந்தது. ஃபேன் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஏழு மணிக்கு மறுபடி கூப்பிட்டார்.

"பெரிய கம்பெனி ஒண்ணு கேக்குது. ஆனா இப்படி அரைகுறையா குடுக்க முடியாது. எப்படி நடப்பா?"

உள்ளறையில் அக்கா சேலை மடிக்கும் சரசரப்பு கேட்டது. துடைத்த அடுப்பு பளபளவென்றிருந்தது.

"நேரமில்ல எனக்கு. உன்ன மாதிரி இருநூறு பேர் வரிசையில நிக்கறான்."

"இடது குதிகாலை அழுத்தி வைப்பாங்க," என்றாள் தங்கை. "மாடிப்படியில மூணாவது படி வந்தா ஒரு வினாடி நிப்பாங்க. அப்புறம் ரெண்டு ரெண்டா ஏறிடுவாங்க."

அவருக்குப் பின்னால் நடக்கும் சத்தம் தொடங்கியது. மரத்தரையில் வெறுங்கால். போய், திரும்பி வந்தது. முதலில் இரண்டு காலும் ஒரேமாதிரி விழுந்தன. பிறகு வலது குதிகால் அழுந்தியது. நின்றது. ஏஜென்ட் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். மறுபடி தொடங்கியது. இப்போது இடது.

வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த தங்கை கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வந்த சத்தமே இல்லை. "எவ்வளவு நேரமாக்கா நிக்கற?" என்று கேட்டாள். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியல," என்றாள்.

அப்போதே தங்கைக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தனக்குத்தானே என்ன சமாதானம் சொல்லிக்கொண்டாலும், வியாழக்கிழமை காலை, வாயில் நுரையோடு நின்ற அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இனி அந்த போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். அன்று அவர் கூப்பிடவில்லை. ஏழு மணிக்கு மேஜைமேல் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. அவ்வளவுதான், கைவிட்டுவிட்டார் என்று தோன்றியபோது போனை எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் எடுத்துவிட்டாள்.

"ஒப்பந்தக் காகிதம் டைப் பண்ணியாச்சு," என்றார் ஏஜென்ட். "உன் பேரு மேல இருக்கு. பெரிய எழுத்து. மிச்சத்தச் சொல்லு."

சொன்னாள். மணிக்கட்டில் பேக்கரி அடுப்பின் தட்டு சுட்டுப் பிறை மாதிரி விழுந்த தழும்பு. தலையில் எண்ணெயோடு கலந்து வரும் வெனிலா வாசனை. கேக்கில் எழுதும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வது. ஒரு பெயரின் கடைசி எழுத்தை மட்டும் சுழித்து இழுப்பது. அழும்போது சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்குவது. அவர் "ம்" என்றார். "அப்புறம்" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் பேக்கரி முதலாளி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் அனுதாபம் கொஞ்சம், எரிச்சல் நிறைய.

"காலையிலேர்ந்து க்ரீம் பைய புடிச்சுக்கிட்டு நிக்கறாங்கம்மா. ஒரு எழுத்துகூட எழுதல. ஒன்பது கேக்கு வெறும் வெள்ளையா போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க. சரியாகற வரைக்கும் வர வேணாம்."

அவர் போனபிறகு தங்கை அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டு வழவழவென்று இருந்தது. தலையில் எந்த வாசனையும் இல்லை.

"யார்கிட்ட பேசற தினம்?"

"ஏஜென்ட்கிட்ட."

"என்னைப் பத்தியா?"

"கதையைப் பத்திக்கா."

"அந்தக் குழந்தையப் பத்தி எழுதிட்டியா?"

தங்கை அக்காவின் கையை விட்டாள்.

"உன்கிட்ட மட்டும்தானடி சொன்னேன்," என்றாள் அக்கா. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. தோள்கள் அசையவில்லை. "இப்ப எனக்கு அழணும் போல இருக்கு. எப்படின்னு தெரியல."

திங்கட்கிழமை மதியம் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, திரைக்கதையைத் திரும்ப வாங்கிவிடுவது என்ற முடிவோடு தங்கை ஏஜென்ட்டின் ஆபீசுக்குப் போனாள். மூன்றாவது மாடி. வழியெல்லாம் ஈரச் சுவரின் வாசனை, மாடிக்கு மாடி மங்கும் குழல்விளக்கு. உள்ளே ஒரு மேஜை, அதன் பின்னால் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் மங்கல் கண்ணாடிக் கதவு. சுவர் ஓரமாகத் தரையிலிருந்து கூரைவரை திரைக்கதைக் கட்டுகள், எல்லாம் நூல் போட்டு இறுக்கிக் கட்டியவை.

"ஏஜென்ட் யாரையும் பாக்கறதில்ல."

"பாக்க வேணாம். என் ஸ்கிரிப்ட குடுங்க, போயிடறேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்றாள் மேஜைப் பெண், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அந்தக் குரல், போனில் வந்ததைவிடப் பக்கத்தில், ஆனால் அதேபோல் ஈரமில்லாமல் வந்தது.

"குடுத்துடு. காகிதத்தையும் பக்கத்துல வை."

மேஜைமேல் இரண்டும் வந்தன. இடது பக்கம் நூற்றுப் பதினெட்டுப் பக்கம். வலது பக்கம் ஒப்பந்தம். மேலே அவள் பெயர், சொன்னதுபோலவே பெரிய எழுத்தில். தன் பெயரை அப்படி அச்சில் அவள் பார்த்ததே இல்லை.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி," என்றது குரல். "சொன்னா கையெழுத்துப் போடலாம். இல்லேன்னா இடது பக்கம் இருக்கறத எடுத்துட்டுக் கிளம்பு. யாரும் தடுக்கல. வீட்ல யாரும் இல்லாதப்ப, அவ உன்ன என்னன்னு கூப்பிடுவா?"

தங்கையின் கை இடது கட்டின்மேல்தான் இருந்தது. எடுத்திருக்கலாம். நாற்பத்து மூன்று பேர். ஏழு வருஷம். "ஆள் வந்துட்டே இருக்காங்க." கட்டின் மேல்தாளில் டீ கிளாஸ் வட்டம்.

குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி, சொன்னாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்குரல் அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னது. முதல் தடவை தட்டையாக. இரண்டாம் தடவை செல்லமாக.

மேஜைப் பெண் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். தங்கை கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணியது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. ஓடிவந்ததில் விலா குத்தியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அக்கா."

படுக்கையறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. கை இரண்டும் மடியில். தங்கை முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகம் இருந்தது. கண், மூக்கு, வாய். ஆனால் கண்ணைச் சிமிட்டினால் அது எப்படி இருந்தது என்று நினைவில் நிற்கவில்லை. மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி மறந்தது.

"அக்கா, என்ன ஒருதடவ கூப்பிடேன். கூப்பிடுக்கா."

உதடு பிரிந்தது. உள்ளே காற்று.

கையைப் பிடித்தாள். சூடு இல்லை, குளிரும் இல்லை. விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ரேகை இல்லை. ஒன்றுகூட.

கீழே மாடிப்படியில் யாரோ ஏறினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

பிறகு இரண்டு இரண்டாக.

தங்கை எழுந்திருக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டது நினைவிருந்தது. இரும்புத் தாழ்ப்பாள். அது விலகும் சத்தமும் நன்றாகக் கேட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

அப்போது அவள் பிடித்திருந்த கை நழுவியது. அக்கா எழுந்தாள். அவசரம் இல்லை. விருந்தாளிக்கு இடம் விடுகிறவள்போல் ஒதுங்கி, சேலையைச் சேர்த்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக் குனிந்தாள். தரையில் படுத்தாள். சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போனாள்.

வெனிலா வாசனை அறைக்குள் வந்தது.

வந்தவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். மணிக்கட்டில் பிறை. முகம் ஒரு தடவை பார்த்தாலே போதும், அப்படியே நின்றது. தங்கையைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த அந்தச் சொல்லால் கூப்பிட்டாள்.

"ஏண்டி தரையில உக்காந்திருக்க? பசிக்குது. வா, சாப்பிடலாம்."

"வரேன்க்கா," என்று தங்கையின் வாய் சொன்னது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, வெறுமையாக, தங்கையின் முழங்காலை நோக்கி ஒவ்வொரு விரலாக நீண்டது.

வந்தவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே, இடது குதிகாலால், அதை மெதுவாக உள்ளே தள்ளினாள்.