அடுப்படியிலிருந்து வந்த விடை

"பகல்" என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

ரோசியின் பென்சில் கட்டத்தின் மேல் அப்படியே நின்றது. 'வெளிச்சமுள்ள பொழுது, நடு எழுத்தை எடுத்தால் கடிக்கும்' என்ற குறிப்பை அவள் வாய்விட்டு வாசித்தது வெறும் பழக்கத்தில்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பத்திரிகையின் குறுக்கெழுத்தை முன்னறையிலிருந்து இப்படித்தான் வாசிப்பாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே கணவர் பவுல்ராஜ் பதில் சொல்வார். போன மழையில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய டிராக்டர் சரிவில் உருண்டது. அதோடு அவர் போனார்.

சின்னக்கானல் மலையின் மூடுபனி சன்னல் கம்பிகளுக்கிடையே மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈரத் தேயிலையின் வாடையோடு, அன்று மூட்டவே மூட்டாத அடுப்பிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனையும் வந்தது. சட்டியின் விளிம்பில் கரண்டியைத் தட்டுகிற சத்தம்கூட அவர் தட்டுவது போலவே இருந்தது.

"என்னங்க?"

"அடுத்தத வாசி புள்ள."

பயந்தாள். ஆனாலும் வாசித்தாள். அழுதுகொண்டே வாசித்தாள். அவர் போனபின் ஒரு மூலையைக்கூட நிரப்ப முடியாமல் அவள் மடக்கி வைத்துவிடுகிற கடினமான கட்டங்கள் மளமளவென்று நிறைந்தன. 'பொழுதும் அதுதான், கழுத்தில் விழுவதும் அதுதான்' என்று கடைசிக் குறிப்பை வாசித்தாள்.

"மாலை." சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

கடைசிக் கட்டமும் நிறைந்தது.

"முடிஞ்சிருச்சுல்ல. நான் வாறேன் புள்ள."

கரண்டிச் சத்தம் நின்றது. வெங்காய வாசனை மெலிந்தது.

"போவாதீங்க!"

ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தாள். தாள் நைந்தது. மறுபடியும் முதல் குறிப்பிலிருந்து வாசித்தாள்.

"அழிக்காத ரோசி." குரலில் களைப்பு. "நான் இங்க நிக்கிற வரைக்கும் நான் வந்த கதவு தொறந்து கெடக்கும்."

"கெடக்கட்டும். பதில் சொல்லுங்க."

சொன்னார். எழுதினாள், அழித்தாள், மீண்டும் கேட்டாள். சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

எதிர் நாற்காலி நகர்ந்தது.

பனி அங்கே தடித்து நின்றது. ஈர மண் வாடை. பாரம் தாங்காமல் நாற்காலி கிறீச்சிட்டது.

மேசை மேல் ஒரு கை வந்தது. நகக்கண்களில் செம்மண்.

வந்துவிட்டார்.

அந்தக் கையைப் பற்றி நெற்றியில் ஒற்றிக்கொண்டு அவள் விம்மினாள்.

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது.

"ரோசி." பவுல்ராஜின் குரல் அங்கிருந்தேதான் வந்தது. "ஒங்கூட யாரு புள்ள உக்காந்திருக்கா?"

கையை இழுத்தாள். வரவில்லை. குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன. அடுப்படியில் அவர் அழத் தொடங்கினார்.

பனிக்குள்ளிருந்து இன்னொரு கை நீண்டது. பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பியது. பென்சிலை எடுத்தது. நைந்த கட்டங்களில் நிதானமாக எழுதத் தொடங்கியது.