போனானா, போனாளா?

மாலை வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, அக்கா கணினி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் ஒரு வாளி வெந்நீருக்குள் இருந்தன. துணிக்கடையில் பகல் முழுக்க நின்றபடியே பில் போடும் கால்கள் அவை.

"வந்துட்டியா, சந்தேகம்?" என்றாள். எதையும் நான் இரண்டு தடவை கேட்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் அது. "எல்லாம் எழுதி முடிச்சுட்டேன். ஒரு தடவை விளையாடிப் பாரு. ராத்திரிக்குள்ள அனுப்பணும்."

அது ஒரு துப்பறியும் விளையாட்டு. எங்கோ வெட்டவெளியில் ஒரு பெரிய குதிரைப் பண்ணை. அகலமான தொப்பி போட்ட ஆட்கள். அங்கே பந்தயக் குதிரை ஒன்று திருட்டுப் போய்விடும். திருடியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இருந்த பேச்சையெல்லாம் அக்கா தமிழில் எழுதியிருந்தாள். இது நன்றாக வந்தால் அடுத்த விளையாட்டுகளும் அவளுக்குத்தான் என்று விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அப்புறம் கடையில் நிற்க வேண்டியதில்லை.

எனக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

சமையல்காரர், கணக்கர், லாடம் அடிப்பவர், குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. இவர்களில் ஒருவர்தான் திருடியிருக்க வேண்டும். முதலில் பண்ணைக் காவல்காரரிடம் கேட்டேன். அவர் கொட்டாவி விட்டார். திரையில் எழுத்து வந்தது: "இருட்டில் முகம் தெரியவில்லை. குதிரைமேல் ஏறி வடக்கே போனாள்."

நான் நேராகப் போய் டாக்டரம்மாவைப் பிடித்துக் கொடுத்தேன். வெற்றி மணி அடித்தது.

"அதுக்குள்ள என்னடி மணி?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

குருட்டு அதிர்ஷ்டமாக இருக்குமோ? மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். காவல்காரர் அதையேதான் சொன்னார். போனாள். நான்கு பேரில் ஒரே ஒரு பெண்.

சொல்வதா, வேண்டாமா? அக்காவின் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் இன்றைக்கு நான் சொல்லாவிட்டால், நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள்.

"அக்கா, திட்டாத. உன் காவல்காரர் முகம் தெரியலன்னு சொல்றாரு. ஆனா பொண்ணுன்னு மட்டும் தெரியுதாம்."

அக்கா எழுந்து திரையைப் பார்த்தாள். அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தாள்.

"இங்கிலீஷ்ல 'தே'ன்னு பொதுவாத்தான் இருந்துச்சு, ஆணா பொண்ணான்னே வராது. திருடினது யாருன்னு எனக்கு முன்னாடியே தெரியுமா, கை தானா எழுதிடுச்சு."

"போனான்னு மாத்திடலாமா?"

"அது பொய். விளையாடுறவங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும்."

"அப்ப போனாங்க?"

"குதிரை திருடினவங்களுக்கு அவ்வளவு மரியாதையா? ஒரு காபி போட்டுக் கொடுத்து வழியனுப்பச் சொல்லேன்." அக்கா சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்னால முடியலடி. தலை வேலை செய்யல."

நான் காவல்காரரைப் பார்த்தேன். பாவம், அவருக்கும் தூக்கம். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், அவர் கண்ணில் எது பட்டிருக்கும்?

"அக்கா, அவர் ஆளைப் பாக்கலையே. குதிரையைத்தானே பாத்தாரு?"

"அதனால என்ன?"

"குதிரை போனதுன்னு எழுதேன்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தட்டினாள்: "இருட்டில் குதிரை வடக்கே போனது. மேலே யாரோ இருந்தது போலத் தெரிந்தது."

அதோடு வேலை முடியவில்லை. 'அவளுடைய கையுறை', 'ஒளிந்திருந்தாள்' என்று இன்னும் பல இடங்களில் இருந்தன. நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அக்கா மாற்றினாள். கையுறை வேலியில் கிடந்தது. நிழல் ஒளிந்திருந்தது. வாளி நீர் ஆறிப் போனது.

பேருந்து ஓட்டும் அம்மா வந்து, அலுப்போடு நாற்காலியில் சாய்ந்தார்.

"அம்மா, ஒரு திருட்டைக் கண்டுபிடிக்கணும்," என்று மவுஸை அவர் கையில் வைத்தேன்.

"வீட்டுக்கு வந்தா இதுவேறயா," என்றபடி அம்மா காவல்காரரிடம் கேட்டார், கையுறையைப் பார்த்தார், நால்வரையும் முறைத்தார். "சமையல்காரன்தான். முழியே சரியில்ல."

திரையில் 'தவறு' என்று வந்தது.

"இவன் இல்லையா? அப்ப யாரு?"

அக்கா அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மவுஸை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அப்படியே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். அவளை எழுப்பிவிடாமல், அம்மா மெல்லிய குரலில் லாடம் அடிப்பவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.