வீட்டில் ஆள் இல்லை

தெருமுனையில் சம்மன் கொண்டுவரும் கோர்ட்டு அமீனாவின் சைக்கிள் தெரிந்ததுமே ராஜமாணிக்கம் பாதிக் கூழோடு கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டார். "கேட்டா மலை சுத்தப் போயிருக்காருன்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாக இறங்கிப் போனார்.

ஆதிலட்சுமி கூழ்க் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள். மூன்று வருஷமாக இதே கூத்துதான். சம்மன் வரும்போதெல்லாம் அவருக்குப் பக்தி வந்துவிடும். அடி அண்ணாமலையில் வீடு இருப்பது அதற்கு நல்ல வசதி. கொல்லையைத் தாண்டினால் கிரிவலப் பாதை. அவர் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அமீனா அலுத்துப் போய்விடுவார். ராஜமாணிக்கத்தைப் பெரிய பக்தர் என்று நம்புகிறவர்கள்கூட ஊரில் இருந்தார்கள். அண்ணாமலையாருக்குத் தெரியாதா என்ன!

வழக்குப் போட்டது வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தம்பி சகாதேவன். அப்பா விட்டுப்போன கடலை நிலத்தில், அந்த மல்லாட்டைக் கொல்லையில், தன் பாகத்தைப் பிரித்துக் கேட்டான். அண்ணன் முடியாது என்றார். டவுனில் குடியேறி, முன்சீப் கோர்ட்டுக்குப் போனான். ஆனால் சம்மன் சேராமல் வழக்கு நகராது. அண்ணன் இல்லாவிட்டால் வீட்டிலுள்ள வயது வந்த ஆண்பிள்ளை வாங்கலாம். பெண்பிள்ளை வாங்கினால் செல்லாது, அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. அந்த வீட்டில் வேறு ஆண்பிள்ளைக்கு எங்கே போவது? ஒருமுறை கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்டியது மாட்டுக்கொட்டகைக் கதவு, வீட்டுக் கதவு இல்லை என்று கோர்ட்டு அதையும் தள்ளிவிட்டது.

ஆதிலட்சுமி இந்த வீட்டில் வாழ வந்தபோது சகாதேவன் தாயில்லாப் பிள்ளை, நாலு வயசு. தனக்கென்று ஒன்று பிறக்கவில்லையே என்ற குறை தெரியாமல் அவனை வளர்த்தாள். அவன் பள்ளிக்கூடம் போய் வந்து சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் அவளுக்கே தன் பெயரை எழுத வந்தது. அந்தப் பிள்ளைக்கு எதிராகத்தான் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று பொய் சொன்னாள். புருஷனுக்குப் பயந்து மட்டுமில்லை. அந்தக் காகிதம் உள்ளே வராதவரை குடும்பம் இரண்டாகவில்லை என்று மனசுக்குள் ஓர் அசட்டு நம்பிக்கை.

போன தையில் ஒரு கல்யாணத்தில் அவனைக் கண்டு ஆசையாகப் பக்கத்தில் போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வாசல்ல நின்னுக்கினு என் சோத்துல மண்ணைப் போடறதே இவங்கதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். 

அமீனா முருகையன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். வீட்டுக்காரர் மலை சுத்தப் போயிருக்கிறார் என்று ஆதிலட்சுமி ஒப்பித்தாள். முருகையன் சிரித்துவிட்டு வழக்கம்போல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இனிமே அவரு எவ்ளோ வேணா சுத்தட்டும்மா. இந்த வருசம் சட்டத்தை மாத்திட்டாங்க. வூட்ல இருக்கற பொம்பளை வாங்கினாலும் செல்லும். நீங்க வாங்கிக்கிறீங்களா?"

 அவள் கை நீட்டவில்லை; இத்தனை நாளும் கோர்ட்டுக்கு என்னவென்று எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"வூட்ல ஆள் இல்லைன்னுதான்."

"ஒவ்வொரு வாட்டியும் உங்களுக்குத் தண்ணி மொண்டு குடுத்தனே... அப்ப நான் யாரு?"

முருகையன் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். 

வாங்கினால் புருஷன் மன்னிக்க மாட்டார். வாங்காவிட்டால் வளர்த்த பிள்ளை இந்த ஜென்மத்துக்குத் திரும்ப மாட்டான். ஆதிலட்சுமி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சம்மனை வாங்கினாள். சிலேட்டில் பழகிய அதே எழுத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

மலை சுற்றி வந்த ராஜமாணிக்கம் சம்மனைப் பார்த்ததும் தோள் துண்டை உதறினார். "யாரைக் கேட்டுடி வாங்கின? குடும்பத்தைக் கெடுத்துட்டியே" என்றார்.

"வாங்காம இருந்துதான் கெட்டுப்போச்சு."

அவள் அழவில்லை. அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது. வாய்தா நாள் வரை அவர் அவளோடு பேசவில்லை.

அன்றைக்கு அவளும் கூடவே பஸ் ஏறினாள். கோர்ட்டு வராந்தாவில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே சகாதேவனின் வக்கீல் கட்டைப் புரட்டி, இந்தத் தடவை சம்மன் சேர்ந்துவிட்டது என்று கையெழுத்தைக் காட்டினார். அந்த எழுத்தை அவனுக்குத் தெரியாதா? பார்த்தவன் அப்படியே வெளியே வந்தான். அத்தனை ஜனம் இருப்பதையும் மறந்து அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"உன்னைப் போயி அப்படிச் சொல்லிட்டனே அண்ணி... கேஸே வாணாம். வாபஸ் வாங்கிடறேன்."

அவள் அவன் தலையைத் தடவினாள். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்தது இப்போதுதான் கண்ணில் வந்தது.

"வாபஸ் வாங்காத சாமி. உன் பாகம் உனக்குச் சேரணும். ரெண்டு பேரும் சமாதானமா ராஜியாப் போங்க. நிலத்தைப் பிரிங்க, என்னைப் பிரிச்சுடாதீங்க."

தூணோரம் நின்றிருந்த ராஜமாணிக்கம் இதைக் கேட்டார். ஓடுவதற்கு அங்கே கொல்லைப்புறமும் இல்லை, மலைப்பாதையும் இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "கெணத்துப் பக்கம் வேணுமா, ரோட்டுப் பக்கம் வேணுமான்னு அவனையே கேளு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவியிடம் சொன்னாலும், மூன்று வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

ராஜி எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். சகாதேவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சின்ன வயதில் படுக்கிற இடத்திலேயே படுத்துத் தூங்கிப்போனான்.

சாயங்காலம் ராஜமாணிக்கம் விபூதி பூசிக்கொண்டார். துரத்துகிற ஆள் யாருமில்லை. வாசலில் கொஞ்சம் தயங்கி, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, "நீயும் வாயேன்" என்றார்.

"காலு ஓஞ்சு போச்சு. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் ஆதிலட்சுமி. "யாராச்சும் வந்து கேட்டா, வூட்ல ஆள் இருக்குதுன்னு சொல்லிக்கிறேன்."