ஆறாம் வகுப்போடு நின்றவள்

“பட்டியல்ல பேர் இல்லேன்னதும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே... படிப்பு ஏறாத மண்டைக்கு யாருடி வேலை தருவா?” என்றாள் மாமியார் எதுவிஹெஸ், அடுப்போரம் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்தபடி.

மருமகள் தொமித்திலா சோளமாவைத் தட்டித் தட்டிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்திபுகா மலையில் அவர்கள் ஊருக்கு முதன்முதலாகக் காய்கறிக் கொட்டகை வந்திருந்தது. காய்களைத் தரம்பிரித்து நகரத்துக்கு அனுப்பும் இடம். வருஷம் முழுக்க வேலை. அதற்கு ஆளெடுப்பவள் எதுவிஹெஸின் மகள் நொயெமி. நேற்று கதவில் ஒட்டிய பட்டியலில் அவளுடைய அண்ணி தொமித்திலாவின் பெயர் இல்லை.

வேலைக்குக் கிளம்பிய நொயெமி அடுப்படியில் தயங்கி நின்றாள்.

“அண்ணி... ஒன்பதாவது முடிச்சிருக்கணும்னு விதி. நீங்களும் முடிச்சதா எழுதிரட்டுமா? யாரும் கேக்க மாட்டாங்க.”

“எழுதாத. மாட்டிக்கிட்டா உன் வேலையும் போயிரும். அதுக்கா படிச்ச?”

“பாத்தியா, குத்திக்காட்டறா. பொறாமை” என்று முணுமுணுத்தாள் எதுவிஹெஸ்.

நொயெமிக்குப் பொறுக்கவில்லை.

“போதும்மா. ஊர்ல ஒன்பதாவது வரைக்கும் மேல்வகுப்பு ஆரம்பிச்சப்போ பெரியவங்களையும் சேத்துக்கிட்டாங்க. எனக்கும் இடம், அண்ணிக்கும் இடம். நீ இடுப்பொடிஞ்சு படுக்கையில கிடந்த. உன்னைப் பாத்துக்க ஒருத்தி வீட்ல இருக்கணும். அண்ணி தன் இடத்தை விட்டுட்டாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க...”

அடுப்பில் ரொட்டி கருகியது. யாரும் அதைத் திருப்பிப் போடவில்லை.

“பதினோரு வருஷமா ஏன்டி வாயத் திறக்கல?” என்றாள் எதுவிஹெஸ்.

“சொல்லியிருந்தா என் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பீங்களா அத்தை?”

எதுவிஹெஸ் தடியை நழுவவிட்டு, மாவு அப்பிய அந்தக் கைகளைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். தொமித்திலா குனிந்து அவளை அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் அதனால் வேலை வந்துவிடவில்லை.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. காப்பி அறுவடைக்கு ஆளேற்றிப் போகும் லாரி, மூன்று மாதக் கூலிவேலை. தொமித்திலா நேற்றே பேர் கொடுத்துவிட்டிருந்தாள்.

“போகாதம்மா” என்றாள் எதுவிஹெஸ்.

“வந்துருவேன் அத்தை. நொயெமி, ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேய்ச்சு விடு. மறந்துராத.”

“அடுத்த வருஷம் வகுப்புல சேந்துருங்க அண்ணி.”

“முப்பத்தாறு வயசாச்சு... பாக்கலாம்.”

லாரியில் ஏற்கெனவே ஊர்ப் பெண்கள் நெருக்கி நின்றிருந்தார்கள். ஒன்பதாவதை எட்டியவள் ஒருத்தியும் இல்லை. நகர்ந்து இவளுக்கும் இடம் விட்டார்கள்.