நான்கு விரல் துரு

துரு எல்லாம் கழன்றுவிட்டது, நான்கு கோடுகளைத் தவிர.

டெல்பர்ட் காடில் வாணலியைத் தொட்டியிலிருந்து தூக்கி, கராஜ் வாசலில் விழுந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இருபது மணி நேரம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் தொங்கிய வாணலி. அதன் பிடியில் கார் பேட்டரி சார்ஜரின் கறுப்புக் கிளிப், எதிரே புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றிய பழைய பிளேடில் சிவப்புக் கிளிப். கம்பி மாறினால் துருவுக்குப் பதில் வாணலியே கரைந்து போகும் என்பதால் மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகியிருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஓடைச் சேற்றில் இரண்டு வருடம் கிடந்து செதில் செதிலாய் ஏறியிருந்த துரு, கறுப்புக் கூழாகிக் கையோடு வந்தது. ஆனால் பிடிக்கு நேர் எதிரே, உள்பக்க விளிம்பை ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் நான்கு செம்பழுப்புக் கோடுகள் மட்டும் அப்படியே நின்றன.

இரும்பு நாரால் தேய்த்தான். தோள்பட்டை கழன்றுவிடும் போலத் தேய்த்தான். கோடுகள் அசையவில்லை.

"சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" என்று வாணலியைக் கேட்டான்.

புதன்கிழமை மதியம் அது. சனிக்கிழமை அவன் மகள் மிஸ்டிக்குக் கல்யாணம். அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கப்படி அம்மாவின் வார்ப்பிரும்பு வாணலி மகளோடு புகுந்த வீட்டுக்குப் போகும். அங்கே முதல் அடுப்பில் அந்த வாணலியில்தான் சோளரொட்டி வேகவேண்டும். மற்றதெல்லாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வெள்ளம் அம்மாவைக் கொண்டுபோன பிறகு இரண்டு வருடம் அப்பனிடம் முகம் கொடுத்துப் பேசாத பெண், சென்ற மாதம் தானாக போன் செய்து கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்ப்பா. அம்மா வாணலி பழையபடி ஆகி வந்தா போதும்."

அவ்வளவுதான் கேட்டாள். இதைக்கூடச் செய்துகொடுக்க முடியாவிட்டால் இனி அந்த போனும் வராது என்று டெல்பர்ட்டுக்கு நன்றாகத் தெரியும்.

வாணலியைக் கண்டெடுத்தது பக்கத்து வீட்டு பாஸ்கம். வீட்டிலிருந்து நான்கு மைல் கீழே, ஓடைக்கரையில் வேலிக்குக் குழி தோண்டும்போது கடப்பாரையில் 'டங்'கென்று இடித்ததாம். பிடியின் அடியில் அவன் மனைவி ஓலெட்டாவின் அப்பா அரத்தால் கீறிய சின்னச் சிலுவையை வைத்து அடையாளம் தெரிந்தது. வாணலி கிடைத்தது. ஓலெட்டா கிடைக்கவில்லை. சர்ச் மேட்டில் அவள் பெயருக்கு ஒரு கல் நிற்கிறது, அடியில் ஒன்றும் இல்லாமல்.

சாயங்காலம் பாஸ்கம் காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, இன்னும் சட்டிக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டே இருக்கே?"

"இந்த எழவைப் பாரு. எல்லாம் போச்சு, இது மட்டும் போகமாட்டேங்குது."

பாஸ்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தான். "ஒத்தைத் தகடு தொங்கவிட்டா இப்படித்தான். கரன்டு நேராத்தான் பாயும். தகடு எந்த இடத்தைப் பாக்குதோ அங்கதான் துரு கழலும். நடுவுல எதாச்சும் மறைச்சா, அதோட நிழல் துருவாவே நின்னுடும்."

"என்ன மறைக்கும்? உள்ளே தண்ணியும் சட்டியும்தானே இருக்கு?"

"அப்ப தண்ணியைத்தான் கேக்கணும்." பாஸ்கம் சிரித்தான். "நாலு பக்கமும் தகடு கட்டு. நிழலுக்கு இடமே இருக்காது."

கோப்பையைக் கொஞ்சம் பிடி என்று நீட்டினான். வாங்கிய டெல்பர்ட்டின் கையிலிருந்து அது நழுவித் தரையில் சிதறியது. சோடாத் தண்ணீர் பட்ட கை, சோப்புப் போட்ட மாதிரி வழவழவென்றிருந்தது.

"உன் கையில எதைக் கொடுத்தாலும் இதே கதைதான்" என்றான் பாஸ்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல. துண்டுகளைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகு டெல்பர்ட் வாணலியைக் கவிழ்த்தான். அடிப்பக்கத்தில், அந்த நான்கு கோடுகளுக்குப் பின்னால், குட்டையாக, தடிமனாக, இன்னொரு துருக்கறை. ஒன்றே ஒன்று. அவன் வாணலியை மறுபடி நிமிர்த்தி வைத்தான். பிறகு அன்று முழுவதும் அதைக் கவிழ்த்துப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை நான்கு பக்கமும் தகடு கட்டினான். பழைய டிரக்கிலிருந்து வெட்டிய இரும்பு, ஒவ்வொன்றுக்கும் செம்புக் கம்பி, எல்லாவற்றையும் சேர்த்து சிவப்புக் கிளிப்பில் மாட்டினான். பிளக்கைச் செருகியதும் சார்ஜர் ரீங்கரித்தது. வாணலியைச் சுற்றிலும் பொடிக் குமிழிகள் கிளம்பின. தண்ணீர் மேல் செம்பழுப்பு நுரை படர்ந்து, தொட்டிக்குள் என்ன நடக்கிறதென்று கண்ணுக்கே தெரியாமல் மூடியது. முழங்கால் உயரப் பிளாஸ்டிக் தொட்டிதான். அடி தெரியாவிட்டால் என்ன, கையை விட்டால் தட்டுப்படப் போகிறது. அப்படித்தான் சொல்லிக்கொண்டான். ஆனால் கையை விட்டுப் பார்க்கவில்லை.

மாலையில் எடுத்தபோது கோடுகள் இன்னும் தெளிவாக இருந்தன. நிழல் விழ வழியே இல்லாத இடத்தில் நிழல் விழுந்திருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு இடத்தில் மடிப்பு. நுனியில் சற்றே குவிந்த வளைவு. மூன்றாவது கோட்டின் அடியில் மட்டும் துரு அறுந்து, மெல்லிய சுத்தமான இரும்பு ஒரு வளையமாகத் தெரிந்தது. மோதிர அகலம்.

அவன் வினிகர் ஊற்றினான். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டி, கராஜ் அதிரப் பொறி பறக்கப் பிடித்தான். இரும்பு பளபளத்தது. "ஒழிஞ்சது பார்!" என்று கத்தினான். துடைத்துவிட்டு எண்ணெய்த் துணியை எடுக்கத் திரும்பிய நேரம்தான். ஈர இரும்பு காற்றுப் பட்டதும் துரு பூக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாணலி முழுக்க அல்லவா பூக்கவேண்டும்? நான்கு விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக, சுண்டுவிரலில் தொடங்கி, அவன் கண்ணெதிரே சிவந்து வந்தன.

வாணலியைச் சுவரில் விட்டெறிந்தான். அது உடையவில்லை. உடைந்து தொலைந்திருக்கலாம்.

பாதிரியாரிடம், போலீஸிடம், மிஸ்டியிடம் டெல்பர்ட் ஒரே வரியைத்தான் சொல்லியிருந்தான். கையைப் பிடிச்சேன், வழுக்கிடுச்சு. நடந்தது அதுவல்ல. வெள்ளத்தன்று அவன் தாழ்வாரத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓலெட்டா சமையலறை ஜன்னல் வழியாக வெளியே இழுபட்டு, இடுப்புக்கு மேல் ஓடும் தண்ணீரில் வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கைக்குக் கை எட்டவில்லை. அவளிடம் அந்த வாணலி இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்ததை விடாமல் வைத்திருந்தாள். விளிம்பைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, பிடியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் பிடித்தான். சொரசொரப்பான வார்ப்பிரும்பு, விரலுக்குத் தோதாக நுனியில் ஓட்டை. அது வழுக்காது. எந்த ஈரத்திலும் வழுக்காது. தூண் முறிகிற சத்தம் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவன் விரல்களைத் திறந்தான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தூறல். கீழே ஓடை, கொதிக்கும் பானை மாதிரி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. வாணலி மறுபடி தொட்டிக்குள். கடைசி முறை. இனி என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அதே அளவில் வேறொரு வாணலி வாங்கி, சிலுவை கீறிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் பத்து வயதிலிருந்து அதில் ரொட்டி சுட்ட மிஸ்டிக்கு அந்தப் பிடியின் தேய்மானம் கண்ணை மூடினாலும் தெரியும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று நாள் முதுகொடிய வேலை செய்தும் ஒரு சட்டியைச் சுத்தம் செய்ய முடியவில்லையே! செத்த பிறகும் பிடிவாதமா? முப்பது வருடம் பட்டது போதாதா? வாய்விட்டே திட்டினான். திட்டிய குரல் தொட்டியின் மேல் பட்டு, கிணற்றுக்குள் கத்தியது போலத் திரும்பி வந்தது.

அப்போதுதான் வாடையைக் கவனித்தான். சோடா வாடை இல்லை. ஊறிய மரம், மண்ணெண்ணெய், ஓடைச் சேறு. வெள்ளம் வடிந்த மறுநாள் வீடு முழுக்க அடித்த வாடை.

எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினான். சார்ஜரின் ரீங்காரம் நின்றது.

குமிழி நிற்கவில்லை.

நுரையைத் தள்ளிக்கொண்டு வந்தது. பொடிக் குமிழி இல்லை, பெரியது. மெதுவாக. நான்கு நான்காக. வாணலியின் அந்த விளிம்புப் பக்கம் மட்டும்.

கிளிப்பைக் கழற்றினான். கம்பிகளைப் பிய்த்தெறிந்தான். தண்ணீர் கை முழுக்கத் தெறித்தது. குமிழி வந்தது. தொட்டியைக் கவிழ்க்கத் தள்ளினான். அசையவில்லை. தரைக்குள் வேர் விட்ட மாதிரி நின்றது.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"அப்பா! இன்னும் ஊற வச்சுக்கிட்டேதான் இருக்கியா?" மிஸ்டி தலையில் தூறலோடு உள்ளே வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. "ஏழு மணிக்கு வரேன்னுதான் சொன்னேன். பொறுக்கல. எங்கே அது, காட்டு."

"கிட்ட வராதே."

"ஏன், கரன்டு ஓடுதா?" தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். "அதான் பிடுங்கியாச்சே. நீயும் உன் பயமும்!"

"மிஸ்டி, சொன்னாக் கேளு. அது இன்னும் சுத்தமாகலை."

"ஆகாட்டி என்ன? நான் தேய்ச்சுக்கிறேன். இப்படி நகரு."

ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு நுரைக்குள் வலது கையை விட்டாள். ஒரே நொடியில் பிடி அகப்பட்டது. பழகிய கை. தூக்கினாள். வரவில்லை.

"என்னப்பா இவ்வளவு கனம்? கல்லை வச்சுக் கட்டியிருக்கியா?" சிரித்துக்கொண்டே இன்னொரு இழுப்பு இழுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பா. அந்தப் பக்கம் எதுவோ பிடிச்சிருக்கு."

"விடு. விட்டுடு, மிஸ்டி!"

அந்தச் சொல் அவன் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது! அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அதே கண்கள். அம்மாவின் கண்கள்.

"அம்மா வாணலிப்பா" என்றாள் மெல்ல. "எப்படி விடுவேன்?"

கை முழங்கை வரை உள்ளே போனது. பிறகு முழங்கைக்கு மேல். முழங்கால் உயரத் தொட்டி. அவள் தோள் நுரையைத் தொட்டது. கன்னம் தண்ணீரில் பட்டது.

"அப்பா, விரல் வரமாட்டேங்குது. விடணும்னாலும் விட முடியலை. அப்பா!"

இடது கையை அவன் பக்கம் நீட்டினாள்.

டெல்பர்ட் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். தொட்டியில் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இடுப்பு நோக இழுத்தான். நுரை விலகியது. பழுப்புத் தண்ணீரில், கீழே, தொட்டியின் அடி இருக்கவேண்டிய இடத்துக்கு வெகு கீழே, கறுப்பு வாணலி. அதன் ஒரு முனையில் மகளின் கை. மறுமுனையில், விளிம்பைச் சுற்றி, வெளுத்து ஊறிய நான்கு விரல்கள். மூன்றாவதில் மோதிரம்.

"விட்டுடாதப்பா!"

"விடமாட்டேன். விடமாட்டேன், கண்ணு."

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை உள்ளங்கைக்கு வந்தது. உள்ளங்கையிலிருந்து விரலுக்கு. மூன்று நாள் சோடாத் தண்ணீர். சோப்பு மாதிரி.

அவன் விடவில்லை. உயிரைக் கொடுத்துப் பிடித்திருந்தான். இந்த முறை நிஜமாகவே கை வழுக்கியது.