கண்ணாடியில் இல்லாத அழுக்கு

எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். இடது ஓரத்தில் அழுக்கு. கழற்றித் துடைத்தான். போகவில்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன் அவன். சொந்தப் பவர் மைனஸ் பதினாறு. பார்வையில் கோளாறு என்றால் கை தானாக லென்ஸைத்தான் சந்தேகப்படும். பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து, அதையும் துடைத்து, அடுப்பில் பால் தீய்கிற வாடை மூக்கில் ஏறியும் நகராமல், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். லென்ஸ் பளிச்சென்று இருந்தது.

அக்கா போன் செய்தாள்.

“கடைக்குப் போகலையாடா?”

“இடது கண்ணுல ஓரமா திரை விழுந்த மாதிரி இருக்குக்கா. நேத்து மின்னல் மாதிரி வெட்டிச்சு.”

“அறிவிருக்கா? விழித்திரை மெலிஞ்சு கிடக்கு, கிழிஞ்சுடும், திரை தெரிஞ்சா அன்னிக்கே ஓடி வான்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே! ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடு, உன் கண்ணைக் கோட்டைவிடு. நான் வண்டியோட வரேன். கிளம்பு.”

சட்டை மாற்றக் கண்ணாடியைக் கழற்றினான். வழக்கம்போல் வீடு கலங்கியது. கதவு, பீரோ, கொடியில் இன்னும் எடுக்காத மனைவியின் துண்டு, எல்லாம் பஞ்சாகிப் போயின.

இடது ஓரத்துக் கறுப்பு மட்டும் கலங்கவில்லை.

கண்ணாடி இல்லாமலே கூர்மையாக இருந்தது. அதற்குத் தோள் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்த தலை. அவிழ்ந்த முடியின் ஒவ்வோர் இழையும்.

மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போன மனைவி அப்படித்தான் தலையைச் சாய்ப்பாள்.

வாசல் பக்கம் திரும்பினான். அதுவும் திரும்பியது. கொஞ்சம் தாமதமாக. கொஞ்சம் பெரிதாக. ஆஸ்பத்திரி வாடை. தாழ்ப்பாளைத் தேடி விரல்கள் சுவரைத் தடவின. இடது கண்ணைப் பொத்தினான்.

வலது கண்ணில் நின்றாள்.

இரண்டையும் இறுக மூடினான். இருட்டு. இருட்டைவிடக் கறுப்பாக அவள். இன்னும் கிட்டே.

வெளியே அக்கா கதவைத் தட்டினாள். அவன் நெற்றியில் ஈர முடி உரசியது.

அன்று அவளை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, அழுதுகொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவனைப் பார்த்துச் சிரித்தாள். கடைசியாகச் சொன்னது இதுதான்:

“யோவ் சோடாபுட்டி, கண்ணாடி இல்லாம என்னைத் தேடி அலையாதே. நானே கிட்ட வரேன்.”