காத்திருப்பு வரம்பு: ஐந்து நொடி

காலை ஒன்பது மணிக்கு என் திரைக்கு வந்த திருத்தம் அறுநூறு வரி. மெய்நிகர் வலையை ஓட்டும் மைய நிரலில் ஒரு பகுதியை மாற்றும் ஒட்டு. எழுதியவன் ஜெரால்டு. நான் இசக்கி, அடுத்தவர் எழுதியதை வரிவரியாகப் படித்துக் குறை சொல்வது என் பிழைப்பு. பன்னிரண்டு வருடமாக யாரிடமும் நல்ல பேர் வாங்காத பிழைப்பு.

வெயில் ஆளைக் கொல்லும் என்றான பிறகு எல்லோரும் அவரவர் அறைக்குள்தான் இருக்கிறோம். சோறு குழாயில் வந்துவிடும். மனிதக் குரல் இந்த வலையில்தான் வர வேண்டும். ஒருவர் பேசினால் எதிர்முனை நாற்பது நொடிக்குள் பதில் தர வேண்டும். இல்லையென்றால் அங்கே ஆள் இல்லை என்று கணித்து வலை அந்த இணைப்பை மூடிவிடும். மூடியது மூடியதுதான். மறுபடி சேர வேண்டுமானால் அதே வரம்புக்குள் பதில் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஜெரால்டின் திருத்தம் நாற்பதை ஐந்தாக்குகிறது. வலையில் நெரிசலாம்.

என் அண்ணன் சுடலைமுத்துக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் ஓர் அறையில் தனியாகக் கிடக்கிறான். என்ன கேட்டாலும் வாயைத் திறக்கப் பதினொரு நொடி பிடிக்கும். எண்ணியிருக்கிறேன். இந்தத் திருத்தம் ஏறினால் நான் சாகும்வரை அவன் குரலைக் கேட்க முடியாது.

அதைச் சொல்லவும் வழியில்லை. இதில் என் சொந்த அண்ணன் மாட்டுகிறான் என்று வாய் திறந்தால் அந்த நிமிடமே கோப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். வரம்பைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோதே நோயாளிகளுக்கு விலக்கு கேட்டு மேலே இரண்டு தடவை எழுதினேன், யாரும் மதிக்கவில்லை. ஆகவே குறை தேடினேன். பெரிதாக ஒன்று சிக்கினால் திருத்தி வர எப்படியும் ஒரு வாரம் இழுக்கும், அதற்குள் இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம்.

மத்தியானம் சிக்கியது. புதிதாகத் திறக்கும் இணைப்புக்கு மட்டும் ஐந்தைப் போட்டுவிட்டு, முன்பே திறந்து கிடப்பவற்றை மறந்துபோயிருந்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'அரைகுறை வேலை. பழைய இணைப்புகளை விட்டுவிட்டாய். ஏற்க முடியாது' என்று காரமாகவே எழுதி அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, உங்களக் கையெடுத்துக் கும்பிடணும். நாலு பேரு பாத்தாவ, ஒருத்தர் கண்ணுலயும் படல. ரெண்டே வரி, சரி பண்ணிட்டேன்."

"அதுக்குள்ளயா? ஒரு வாரம் எடுத்துக்க. நிதானமாப் பாரு."

"இல்லக்கா, மேல பாத்துட்டு இன்னிக்கு நாலு மணிக்கே ஏத்தச் சொல்லிட்டாவ. நீங்க மட்டும் சொல்லலன்னா பழைய இணைப்பெல்லாம் அது பாட்டுக்கு நாப்பது நொடியிலயே ஓடிட்டு இருந்திருக்கும்."

அண்ணனுடைய இணைப்பு ஒன்பது வருடத்துக்கு முன்னால் திறந்தது, ஒருநாளும் மூடியதில்லை. வாயை மூடிக்கொண்டு 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் தப்பியிருப்பான். பாவி நான், என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டித் தொலைத்துவிட்டேன்.

"ஜெரால்டு, அந்த ரெண்டு வரிய எடுத்துரு. எங்க அண்ணனுக்குப் பேச நேரமாகும்."

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லாக்கா. தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுத்தத, நான் எப்படித் திரும்ப உள்ள வைப்பேன்?"

நான்கு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "நாலு மணிக்கு மேல நம்ம பேச முடியாதுண்ணே. என்னாலதான்."

பதினொரு நொடி காத்திருந்தேன்.

"விடுட்டி," என்றான் மெதுவாக. "நீ என்ன... வேணும்னேவா செஞ்ச?"

அழுதேன். அழுததில் நேரம் போனது தெரியவில்லை. "எம்மேல கோவம் இல்லல்லா?" என்று கேட்டபோது மணி நான்கு தாண்டியிருந்தது.

ஐந்தாம் நொடியில் 'எதிர்முனையில் ஆள் இல்லை' என்றது திரை. நான் ஆறு, ஏழு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்றில் அண்ணன் அந்த அறையில் ஏதோ பதில் சொல்லியிருப்பான்.